பாலேவாடியில் ஒரு ரிங் போட்டார்கள்

வாகடிலிருந்து மும்பை–பெங்களூரு நெடுஞ்சாலையில் முளா ஆற்றுப் பாலத்தைத் தாண்டினால் பாலேவாடி ஸ்டேடியம் வந்துவிடும். முழுப்பெயர் ஸ்ரீ சிவ் சத்ரபதி விளையாட்டு வளாகம். 1994 தேசிய விளையாட்டுப் போட்டிகளுக்காகக் கட்டினார்கள். 2008-இல் காமன்வெல்த் இளையோர் போட்டிகளும் அங்கேதான் நடந்தன. ஹிஞ்சவடிக்கு வேலைக்கு வந்து இந்தப் பக்கம் குடியேறிய தமிழர்களில் பலருக்கு அது ஊருக்குப் போகிற பஸ்ஸுக்காகக் காத்திருக்கும் இடம், அவ்வளவுதான். 2011 டிசம்பரில் அதே வளாகத்துக்குள் ஒரு ரெஸ்லிங் ரிங் போட்டு, அமெரிக்காவிலிருந்தும் இங்கிலாந்திலிருந்தும் கனடாவிலிருந்தும் ஆட்களை இறக்கி, ஒரு முழு டிவி சீசனையே எடுத்து முடித்தார்கள் என்று சொன்னால் என் ஆபீஸில் யாரும் நம்புவதில்லை.

அந்த நிகழ்ச்சியின் பெயர் 'ரிங் கா கிங்'. அமெரிக்காவின் டிஎன்ஏ ரெஸ்லிங் கம்பெனியும் எண்டெமோல் இந்தியாவும் சேர்ந்து தயாரித்தது. கலர்ஸ் சேனலில் 2012 ஜனவரி 28-ஆம் தேதி ஆரம்பித்து, சனி, ஞாயிறு என்று வாரத்துக்கு இரண்டாக 26 அத்தியாயங்கள் ஓடி, ஏப்ரல் 22-ஆம் தேதி முடிந்தது. விளம்பரத் தூதர் ஹர்பஜன் சிங். இரண்டாவது சீசன் வரவில்லை.

சில வாரங்களாக அதன் ஆரம்ப அத்தியாயங்களைத் திரும்பப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். பழைய ஞாபகத்துக்காகப் பார்க்கத் தொடங்கியது, இப்போது வேறொரு காரணத்துக்காக என்னைப் பிடித்து வைத்திருக்கிறது. ஒரு சின்ன ரெஸ்லிங் கம்பெனி பிறக்கும்போது அதற்கு என்ன வேண்டும், எது இல்லாவிட்டால் அது நிற்காது என்பதை இந்த அத்தியாயங்கள் அப்பட்டமாகக் காட்டுகின்றன.

நம் தலைமுறைக்கு ரெஸ்லிங் எப்படி வந்தது என்று யோசித்துப் பாருங்கள். முதலில் ரெஸ்லிங் கார்டு விளையாட்டு. ரேங்க், ஹைட், வெயிட், செஸ்ட், பைசெப்ஸ், எத்தனை ஃபைட், எத்தனை வெற்றி. அண்டர்டேக்கரின் சண்டையை ஒருமுறைகூடப் பார்க்காதவனுக்கும் அவர் ரேங்க் மனப்பாடம். அப்புறம் கேபிள் டிவி, டென் ஸ்போர்ட்ஸ். இங்கிலீஷ் வர்ணனை பாதி புரியாவிட்டாலும் யார் நல்லவன், யார் கெட்டவன் என்பது தெளிவாகப் புரிந்தது. 2021-இல் சோனி டென் 4 வந்த பிறகு தமிழ் வர்ணனையோடேயே டபிள்யூடபிள்யூஈ பார்க்க முடிந்தது. ஆனால் ரிங் எப்போதும் கடல் தாண்டித்தான் இருந்தது. அங்கே கத்துகிற கூட்டத்தில் நம் முகம் கிடையாது.

'ரிங் கா கிங்' முதல் அத்தியாயத்தைப் போட்டதும் என்னை உலுக்கியது அந்தக் கூட்டம்தான். காலேஜ் பையன்கள், பெண்கள், பிள்ளையைத் தோளில் ஏற்றிய அப்பாக்கள். வர்ணனை ஹிந்தி, கத்தலும் ஹிந்தி. நான் தினமும் கடந்துபோகிற இடத்தில், நான் தினமும் பார்க்கிற மாதிரியான ஜனங்கள்.

வந்த ஆட்களும் லேசுப்பட்டவர்கள் இல்லை. இதை நடத்த முன்னால் நின்றவர் ஜெஃப் ஜாரெட். அப்பா ஜெர்ரி ஜாரெட்டுடன் சேர்ந்து 2002-இல் டிஎன்ஏவை ஆரம்பித்தவர், எதிராளியின் தலையில் கிட்டாரை உடைப்பதற்குப் பெயர் போனவர். ஸ்காட் ஸ்டைனர் வந்தார், டபிள்யூசிடபிள்யூ காலத்தின் பெரிய சாம்பியன். முகமூடி போட்ட அபிஸ் வந்தார். எடி கெரேரோவின் அண்ணன் மகன் சாவோ கெரேரோ ஜூனியர் வந்தார். 'பிரிட்டிஷ் புல்டாக்' டேவி பாய் ஸ்மித்தின் மகன் ஹாரி ஸ்மித் இங்கே 'புல்டாக் ஹார்ட்' என்ற பெயரில் இறங்கினார். குத்துச்சண்டையின் சார்பட்டா, இடியாப்பப் பரம்பரைகளைத் தெரிந்த நமக்கு ரெஸ்லிங் உலகத்தின் பரம்பரைப் பெருமை சுலபமாகப் புரியும். கெரேரோ, ஹார்ட் என்ற இரண்டு வீட்டுப் பெயர்களும் அங்கே மூன்று தலைமுறைச் சொத்து. அந்த இரண்டு வீட்டு வாரிசுகளும் ஜோடி சேர்ந்து இந்தக் கம்பெனியின் முதல் டேக் டீம் சாம்பியன்கள் ஆனார்கள், அதுவும் பாலேவாடியில்.

ஆரம்ப வாரங்களின் கட்டுமானம் எனக்கு ரொம்பப் பிடித்திருக்கிறது. யாரையும் தெரியாத ஜனங்கள் முன்னால் ஒரு புதுக் கம்பெனி வந்து நிற்கும்போது முதல் வேலை, யார் யார் என்று சொல்லிக்கொடுப்பது. பேசியே சொன்னால் தூக்கம் வரும். அதனால் பட்டத்துக்கு ஒரு நாக்-அவுட் போட்டியை வைத்தார்கள். ஜெயித்தவன் மேலே போகிறான், தோற்றவன் ஒரு குறையோடு வெளியே போகிறான். இரண்டு மூன்று அத்தியாயத்துக்குள் யார் பலசாலி, யார் குறுக்கு வழிக்காரன் என்ற வரிசை தானாக மனதில் பதிந்துவிடுகிறது. அந்தப் போட்டியின் முடிவில் முதல் சாம்பியனாக நின்றவர் மாட் மார்கன். ஏழடி உயரம் என்று அறிவிப்பார்கள். பின்னால் அதே மனிதர் ஃப்ளோரிடாவில் லாங்வுட் என்ற ஊருக்கு மேயராகவும் ஆனார்.

ஒரு நல்லவனை உச்சியில் ஏற்றியாயிற்று, இனி அவனை இழுத்துப்போட ஆள் வேண்டும். வந்தது 'ஆர்டிஎக்ஸ்' கும்பல். தலைவர் ஜாரெட்டே. ஸ்டைனர், அபிஸ், இங்கிலாந்தின் 'சர் புரூட்டஸ் மேக்னஸ்' எல்லாரும் அவர் பக்கம். இந்திய வம்சாவளி அமெரிக்கரான சஞ்சய் தத் அந்தக் கும்பலில் சேர்வது நம் கூட்டத்தை உண்மையிலேயே உசுப்பிய திருப்பம். வெள்ளைக்காரன் கெட்டவனாக இருப்பது எளிய கணக்கு. நம்மாள் ஒருவன் அந்தப் பக்கம் போய் நிற்கும்போது கோபத்தின் சத்தமே மாறுகிறது. ஹெட்போன் போட்டுக் கேளுங்கள், வித்தியாசம் தெரியும்.

'எல்லாம் முன்னாலேயே பேசி வைத்த பொய்ச் சண்டைதானே' என்று கேட்பவர்கள் எப்போதும் உண்டு. அவர்களுக்கு என் பதில் தெருக்கூத்து. வட ஆற்காட்டுப் பக்கம் பாரதக் கூத்து பார்த்து வளர்ந்தவர்களுக்கு நான் சொல்வது உடனே விளங்கும். பதினெட்டாம் போரில் துரியோதனன் விழுவான் என்று கைக்குழந்தைக்கும் தெரியும். போன வருஷமும் விழுந்தான், அடுத்த வருஷமும் விழுவான். இருந்தும் விடிய விடிய உட்கார்ந்திருக்கிறோம். இரண்டு பேர் திரையைப் பிடித்துக்கொள்ள, அதற்குப் பின்னால் சலங்கைச் சத்தத்தோடு வேஷம் நெருங்கி வரும்போது மயிர்க்கூச்செறிகிறது. ரெஸ்லிங்கில் விளக்கணைந்து, பாட்டு ஒலித்து, ஆள் வெளியே வரும் அந்த நிமிஷமும் அதே வேலையைத்தான் செய்கிறது. முடிவு தெரியும் என்பதால் கலை சின்னதாகிவிடாது. அந்த முடிவை நோக்கி நம்மை எப்படிக் கூட்டிப்போகிறார்கள் என்பதில்தான் தேர்ச்சி இருக்கிறது.

ஆனால் உடம்பு படும் பாடு முன்னாலேயே பேசி வைத்தது இல்லை. இதை எனக்கு நன்றாகக் காட்டியவர் எங்கள் மாடியில் இருக்கும் ஒரு மராட்டியப் பெரியவர், காகா என்று கூப்பிடுவோம். சாத்தாரா மாவட்டத்துக்காரர், இளவயதில் ஊர்த் தாலீமில், அதாவது குஸ்திக் கூடத்தில், பழகியவர். ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டு டிவியில் இரண்டு அத்தியாயங்களை என்னோடு உட்கார்ந்து பார்த்தார். நான் முகத்தையும் நடிப்பையும் பார்த்துக்கொண்டிருக்க, அவர் காலையும் கழுத்தையும் பார்த்தார். "கழுத்தைக் காப்பாத்துறான் பார், மோவாயை நெஞ்சோட ஒட்டி வச்சிட்டான். இவன் படிச்சவன்" என்றார் ஒருவரைப் பார்த்து. கொஞ்ச நேரம் கழித்து, வேறொரு புதுப் பையன் விழுந்தபோது முகம் சுளித்து, "இது முதுகுத் தண்டுக்குப் போகும்" என்றார்.

அவர் சொன்னது ரெஸ்லிங்கின் அரிச்சுவடி. ரிங் என்பது இரும்புச் சட்டத்தின் மேல் பலகை, அதன் மேல் மெல்லிய பஞ்சு விரிப்பு, அதன் மேல் இழுத்துக் கட்டிய கேன்வாஸ். மெத்தை என்று நினைத்துவிடாதீர்கள். விழுகிறவர் மோவாயை உள்ளே இழுத்து, முதுகின் மேல்பாகம் முழுவதும் ஒரே நேரத்தில் படும்படி, இரண்டு கைகளையும் விரித்துத் தரையில் அறைந்து அடியைப் பரப்ப வேண்டும். தூக்குகிறவரின் வேலை அதைவிடப் பெரியது. கையில் இருப்பது எதிராளியின் உயிர். நூறு கிலோ உடம்பைத் தலைக்கு மேல் தூக்கி, கொல்கிற மாதிரி காட்டி, பத்திரமாகத் தரையில் சேர்க்க வேண்டும். சாவோவும் புல்டாக் ஹார்ட்டும் சண்டை போடும்போது இதைக் கவனித்தால் இருவருக்கும் எதிராளி மேல் இருக்கிற அக்கறை தெரியும்.

புதியவர்களிடம் அந்த லாவகம் இன்னும் வரவில்லை. மஹாபலி வீரா, ஜ்வாலா, டெட்லி டண்டா, பட்டானி பட்டா, ரோமியோ ராப்டா என்று பெயர்கள். முதல் வாரங்களில் அவர்கள் கால் எங்கே வைப்பது என்று ஒரு கணம் யோசிப்பது தெரிகிறது. கயிற்றுக்கு ஓடும்போது அடி கணக்குத் தப்புகிறது. கேலி செய்கிறவர்கள் இந்தத் துண்டுகளை வெட்டிப் போட்டுச் சிரிக்கிறார்கள். எனக்கு அந்தத் தடுமாற்றம்தான் இந்த நிகழ்ச்சியின் விலைமதிப்பில்லாத பகுதி. டபிள்யூடபிள்யூஈயில் நாம் பார்ப்பது எல்லாம் கற்று முடித்தவர்களை. இங்கே ஒரு மனிதன் கேமரா முன்னால், கூட்டத்தின் முன்னால் தொழிலைக் கற்றுக்கொண்டிருக்கிறான். மஹாபலி வீரா ஆரம்பத்தில் வெறும் பலம். போகப்போக, ஒரு குத்து விட்டபின் நின்று கூட்டத்தைப் பார்க்க வேண்டும், அவர்கள் கத்தி முடிக்க இடம் விட வேண்டும் என்று அவருக்குப் பிடிபடுகிறது. அவர் பின்னால் 'மஹாபலி ஷேரா' என்ற பெயரில் டிஎன்ஏவிலேயே சண்டை போட்டார்.

கூட்டத்தோடு ரொம்பச் சீக்கிரம் ஒட்டிக்கொண்டவர்கள் 'பாலிவுட் பாய்ஸ்'. கனடாவின் பர்னபியில் பிறந்த பஞ்சாபிச் சகோதரர்கள், ஹார்வ், குர்வ் சிஹ்ரா. ஆடிக்கொண்டே வருவார்கள். ஆட்டத்தைப் பார்த்து இவர்கள் சும்மா வேடிக்கைக்கு என்று நினைத்தால், மணியடித்ததும் சுறுசுறுப்பாக வேலை செய்வார்கள். இதே சீசனில் டேக் டீம் பட்டமும் அவர்களுக்குக் கிடைத்தது. ஐந்து வருஷம் கழித்து, 2017 மே மாதம் ஜிந்தர் மஹால் ராண்டி ஆர்டனை வீழ்த்தி டபிள்யூடபிள்யூஈ சாம்பியன் ஆனபோது அவர் பக்கத்தில் 'சிங் பிரதர்ஸ்' என்று நின்றது இதே இருவர்தான். சர் புரூட்டஸ் மேக்னஸாக வந்த நிக் ஆல்டிஸ் 2023-இல் டபிள்யூடபிள்யூஈ ஸ்மாக்டவுன் நிகழ்ச்சியின் ஜெனரல் மேனேஜர் ஆனார்.

இத்தனை திறமையும் இத்தனை பணமும் இத்தனை பெரிய சேனலும் இருந்தும் ஏன் நிற்கவில்லை? டிஆர்பி, செலவு, சேனல் கணக்கு என்று நிறையச் சொல்லலாம். எனக்குத் தோன்றுவது, ரெஸ்லிங் என்பது திரும்பத் திரும்ப ஒரே இடத்துக்கு வருகிற ஜனங்களால் வளர்கிற விஷயம். 26 அத்தியாயங்களையும் மொத்தமாக எடுத்து, பெட்டியில் போட்டு எடுத்துப் போய்விட்டால் டிவிக்கு நிகழ்ச்சி கிடைக்கும், ஊருக்குக் கம்பெனி கிடைக்காது. ஜனவரியில் முதல் அத்தியாயத்தைப் பார்த்துவிட்டு, 'அடுத்த வாரம் நேரில் போய்க் கத்தணும்' என்று வாகடில் ஒரு பையன் ஆசைப்பட்டிருந்தால் அவன் போக இடமில்லை. ரிங்கைக் கழற்றி வாரங்கள் ஆகியிருந்தன.

டிஎன்ஏவின் சொந்தத் தொடக்கத்தை இதற்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 2002 ஜூன் 19-ஆம் தேதி அலபாமாவின் ஹண்ட்ஸ்வில்லில் முதல் நிகழ்ச்சி. பெரிய சேனல் எதுவும் கிடைக்காததால், வாரம் ஒருமுறை 9.95 டாலர் கட்டிப் பார்க்கும் முறையில் ஒளிபரப்பினார்கள். சீக்கிரமே நாஷ்வில்லின் பொருட்காட்சி மைதானத்துக் கட்டடம் ஒன்றில் நிலையாக உட்கார்ந்துவிட்டார்கள். ரசிகர்கள் அதை 'அசைலம்' என்று கூப்பிட்டார்கள். புதன்கிழமைதோறும் அதே கட்டடம், பெரும்பாலும் அதே முகங்கள். அந்த அத்தியாயங்களும் கரடுமுரடானவைதான், சில கதைகள் பார்க்கவே கஷ்டம். ஆனால் ஏஜே ஸ்டைல்ஸ் என்ற இளைஞர் வாரா வாரம் ஒரு படி ஏறுவதை அந்தக் கூட்டம் பார்த்தது. போன வாரம் எதற்குக் கத்தினார்கள் என்று பார்த்து இந்த வாரம் அதை வளர்த்தார்கள். ரசிகர்களும் அந்தக் கதையை எழுதினார்கள் என்றே சொல்லலாம். 2004 ஜூனில் 'இம்பாக்ட்' என்ற டிவி நிகழ்ச்சி தொடங்கியபோது அவர்கள் கையில் இரண்டு வருஷப் பழக்கம் இருந்தது.

இந்தப் பாடத்துக்கு அமெரிக்கா வரை போகவும் வேண்டாம். மேற்கு மகாராஷ்டிரத்தில் ஜாத்ரா என்கிற ஊர்த் திருவிழா குஸ்தி இல்லாமல் முடியாது. வாகட், ஹிஞ்சவடி இரண்டுக்கும் தெய்வம் மாத்தோபா. சித்திரையில் நடக்கும் அவருடைய உற்சவத்தில் ஹிஞ்சவடியிலிருந்து வாகட் கோயிலுக்கு பகாட் ஊர்வலம் வரும். ஐடி கம்பெனிகளின் கண்ணாடிக் கட்டடங்களைத் தாண்டிவரும் அந்த ஊர்வலத்தைப் பார்த்தவர்களுக்கு இந்த ஊரின் வயது புரியும். காகா தன் ஊர் ஜாத்ரா குஸ்தியைப் பற்றிச் சொன்னார். முதலில் பொடியன்களை இறக்குவார்களாம், பரிசு ரேவடி மிட்டாய், தேங்காய். அப்புறம் பத்து ரூபாய், ஐம்பது ரூபாய் என்று ஏறி, பொழுது சாயும்போது பெரிய பயில்வான்கள், பெரிய தொகை. "ரேவடிக்குச் சண்டை போட்ட பையனை, பத்து வருஷம் கழிச்சுக் கடைசிக் குஸ்தியில ஊரே பார்க்கும். அதனாலதான் அப்படிக் கத்துவாங்க" என்றார். ரெஸ்லிங் கம்பெனி நடத்துகிறவர்களுக்கு இதைவிட நல்ல ஆலோசனையை யாரும் தந்துவிட முடியாது.

அந்த ஜாத்ரா குஸ்தியின் வேரிலிருந்துதான் கராட் பக்கத்துக் கோலேஷ்வர்க்காரர் காஷாபா ஜாதவ் வந்து, 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் வெண்கலம் வாங்கினார், சுதந்திர இந்தியாவின் முதல் தனிநபர் பதக்கம். அந்த வேரிலிருந்துதான் மகாராஷ்டிர கேசரிப் போட்டியும் அதன் வெள்ளி கதாயுதமும். 2023 ஜனவரியில் புனேவின் கோத்ரூடில் நடந்தபோது சிவராஜ் ராக்ஷே பட்டம் வென்றார். ரெஸ்லிங்கைப் புரிந்துகொள்ளக்கூடிய கண்கள் இந்த ஊரில் வேண்டிய மட்டும் உண்டு. குஸ்தியிலிருந்து ரெஸ்லிங்குக்குப் பாலம் போட்டவரும் நமக்கு உண்டு. 'ராமாயணம்' தொடரின் அனுமனாக நம் வீடுகளுக்குள் வந்த தாரா சிங், ஊர் மண்ணில் பழகி, சிங்கப்பூர், மலாயா என்று போய்த் தொழில்முறை ரெஸ்லிங்கில் பெயர் எடுத்தவர். 'ரிங் கா கிங்' முடிந்து மூன்று மாதம்கூட ஆகாத நிலையில், 2012 ஜூலை 12-ஆம் தேதி அவர் காலமானார்.

ஊரில் வேர்விட்டு நடத்துவதை இந்தியாவில் செய்து காட்டியவர் டபிள்யூடபிள்யூஈ புகழ் கிரேட் காலி. 2015-இல் ஜலந்தரில் சிடபிள்யூஈ என்ற ரெஸ்லிங் பள்ளியைத் தொடங்கினார். அவர்களின் நிகழ்ச்சிகளை யூடியூபில் பார்த்தால் கேமரா சுமார்தான், விளக்கு சுமார்தான். ஆனால் பள்ளி அங்கேயே இருக்கிறது. பயிற்சிக்கு வருகிற பிள்ளைகள் தங்கிக் கற்கிறார்கள். கவிதா தேவி அங்கே பழகித்தான் 2017-இல் டபிள்யூடபிள்யூஈ ரிங்கில் இறங்கிய முதல் இந்தியப் பெண் ஆனார். 2023 செப்டம்பரில் டபிள்யூடபிள்யூஈயே ஹைதராபாத் கச்சிபவுலிக்கு வந்து ஒரு ராத்திரி நிகழ்ச்சி நடத்திவிட்டுப் போனது. அரங்கம் அதிர்ந்தது, சந்தோஷம். ஆனால் அந்த அதிர்விலிருந்து ஹைதராபாத்துக்கு ஒரு பயிற்சிக்கூடமும் முளைக்காது. அதற்கு மறுவாரமும் கதவு திறக்க வேண்டும்.

அதனால் இதைப் படிக்கிறவர்களில் யாராவது, புனேவிலோ கோயம்புத்தூரிலோ மதுரையிலோ ரெஸ்லிங் கம்பெனி தொடங்க நினைத்தால், ஸ்டேடியம் தேடாதீர்கள். முந்நூறு நாற்காலி போடக்கூடிய ஒரு கல்யாண மண்டபம் போதும். மாதம் ஒரு சனிக்கிழமை என்று வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் தவறாமல் நடத்துங்கள். விழக் கற்றுக்கொடுக்க ஒரு நல்ல வாத்தியாரைப் பிடியுங்கள், மற்றதெல்லாம் பிறகு. உள்ளூர்ப் பையன் ஒருவனை முதல் சண்டையிலேயே தோற்க விடுங்கள். அவன் ஜெயிக்கிற நாளைப் பார்க்க அந்த முந்நூறு பேரும் திரும்ப வருவார்கள், கூட்டாளிகளையும் கூட்டிவருவார்கள்.

மற்ற ரசிகர்களே, 'ரிங் கா கிங்'கைத் தேடிப் பாருங்கள். முதல் வார இறுதியின் இரண்டு அத்தியாயங்களையும் ஒன்றாகப் பாருங்கள். அப்புறம் ஆர்டிஎக்ஸ் கும்பல் தலையெடுக்கும் பகுதி. முடிந்தால் கடைசி இரண்டையும் சேர்த்து. சண்டைகளைப் பார்க்கும்போதே கூட்டத்தின் மேலும் ஒரு கண் வையுங்கள். ஆரம்பத்தில் யாருக்குக் கைதட்டுவது என்று தெரியாமல் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்கிற புனேக்காரர்கள், போகப்போக எந்த நொடியில் எழுந்து நிற்க வேண்டும் என்று தாங்களாகவே கண்டுபிடிக்கிறார்கள். ரெஸ்லிங் நம் ஊரில் எடுபடாது என்று இனி யாராவது சொன்னால், அவர்களுக்குக் காட்ட நம்மிடம் 26 அத்தியாயச் சான்று இருக்கிறது. ஜனங்கள் தயாராகத்தான் இருந்தார்கள். அவர்களோடு தங்க ஒரு கம்பெனிதான் இன்னும் வரவில்லை.